மேல் துளையில் நீல மூடி

பத்து மணி நேரம் மீன் அறுத்த வலது தோள் கழன்று தொங்குவதுபோல் வலித்தது. வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு மாடியறைக்கு வந்த ரமுனே செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சுவரில், பிளக் பாயிண்டின் மேல் துளையில், நீலப் பேனா மூடி செருகியிருந்தது. நேற்று அதைப் பிடுங்கித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டதே அவள்தான்.

"எக்லே! என் ரூமுக்குள்ள எதுக்குடி வந்தே?"

அதே வீட்டில் குடியிருக்கும் எக்லே, கீழே சமையலறையில் கறுப்பு ரொட்டி அறுத்தபடியே சிரித்தாள். "அங்க என்ன இருக்கு திருட? மீன் நாத்தமா? போய்ப் படுடீ."

ரமுனே கதவை அறைந்து சாத்தினாள். இங்கிலாந்துப் பிளக் பாயிண்டில் மேல் துளைக்குள் எதையாவது நுழைத்தால்தான் கீழிரண்டும் திறக்கும். அடாப்டர் இல்லாத லிதுவேனியாக்காரிகள் பேனா மூடியைக் குத்திவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு முள் பிளக்கைத் திணிப்பார்கள். பக்கத்துக் கட்டில் ஜூராடேவும் போன மாதம் அப்படித்தான் திணித்தாள். கோப்பையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் பழைய சுருள்கம்பியின் பிளக் அது. பிளக் பாதிதான் உள்ளே போனது. வெறும் பித்தளை முள் வெளியே. கையெல்லாம் ஈரம்.

"அடாப்டர் வாங்கத் துப்பில்லாதவளுக எதுக்கு இங்க வர்றீங்க?" என்றான் வீட்டுச் சொந்தக்காரன், அவள் பிணத்தை மாடியிலிருந்து இறக்கிய அன்றே கரிந்த சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டு. நாய்ப்பயல். ஜூராடேவிடம் அடாப்டர் இருந்தது. போனுக்குச் சார்ஜ் போட ரமுனே அதை இரவல் வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. "நாளைக்குத் தரேன்டீ, தின்னுட மாட்டேன்" என்று தினமும் சொன்னாள். போலீஸ் கேட்டபோது, வீட்டில் அடாப்டரே கிடையாது என்றாள். அன்று மாலையே அதைத் துறைமுகத் தண்ணீரில் எறிந்தாள்.

மூடியைப் பிடுங்கப் போனாள். விரல் சுட்டது. சுவிட்சை அணைக்கப் பார்த்தாள். ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. முதுகுக்குப் பின்னால், திரை இழுத்த அறையின் மங்கலில், கோப்பைக்குள் சுருள் சூடேறும் மெல்லிய இரைச்சல் எழுந்து, குமிழ்களாகி, கருகிய பிளாஸ்டிக்கும் மீன் செதிலும் கலந்த வாடையோடு அவள் கழுத்தில் ஆவியாகப் படிந்தது.

"நீதானேடி அவசரப்பட்டே!" திரும்பாமலே கத்தினாள். "ஒரு நாள் டீ குடிக்கலைன்னா செத்தா போயிருப்பே?"

கொதிப்பு நின்றது.

திரும்பினாள்.

ஜூராடேவின் காலிக் கட்டில். மெத்தை நடுவில் பள்ளம். ஈரம். போர்வைக்கடியிலிருந்து ஒரு கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கரி. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது.

ஜூராடேவுக்கு அவள் தர வேண்டியது ஒரு அடாப்டர்.