தலைக்கு ஊற்றிய தண்ணீர்

மாமனார் செத்து ஒரு மாதம் ஆகியும் அந்த வீட்டில் ஈரமண் வாசனை போகவில்லை. மதியம் வந்து கதவைத் திறந்த மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டார். இது மனுஷன் இருந்த வீடா, தவளை இருந்த வீடா என்று வாய்விட்டே கேட்டார். கிழவர் இருந்தவரை அந்தக் கூடத்தில் மாப்பிள்ளை தும்முவதற்கே யோசிப்பார். இப்போது கேட்க ஆளில்லை, வீரம் பொத்துக்கொண்டு வந்தது.

கைபேசியில் மனைவி கூப்பிட்டாள்.

"மரப்பெரணி எப்படி இருக்குங்க?"

"நிக்குது."

"இன்னைக்கு ராத்திரி உறைபனி கொட்டுமாம். தலைக்குத் தண்ணி ஊத்துங்க. அப்புறம் இலையெல்லாம் மேல தூக்கிக் கட்டி, நடுவுல வைக்கோல் வச்சு, சாக்கு சுத்திடுங்க. காலையில வண்டியோட வந்து எடுத்துக்கிறேன். அப்பா ஞாபகமா எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்."

கொல்லைக் கோடியில் அந்தப் பெரணிச் செடி ஆள் உயரத்துக்கு நின்றது. உடம்பெல்லாம் பழுப்பு நார், உச்சியில் மட்டும் விரித்த இலைகள். பூக்காது, காய்க்காது. இதைத்தான் கிழவர் பெற்ற பிள்ளை மாதிரி தினமும் குளிப்பாட்டினார்.

கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை நல்ல பெயர் வாங்க ஆசைப்பட்டு, ஒரு வாளித் தண்ணீரை அதன் அடியில் கொட்டினார். வந்திருந்த உறவினர் அத்தனை பேர் முன்னாலும் மாமனார் சிரித்தார். "இதுக்கு உடம்பே வேர்தான், மேலேர்ந்து ஊத்தணும். நம்ம மாப்பிள்ளைக்குத் தலை எது, கால் எதுன்னு தெரியல." மனைவியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாப்பிள்ளைக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

"தலைக்குத்தானே? ஊத்திட்டாப் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சமையலறையில் கெட்டிலை வைத்தார். கொதித்துச் சீட்டியடித்ததும் எடுத்துப்போய், முக்காலியில் ஏறி, இளங்குருத்துகள் சுருண்டு கிடந்த நடு உச்சியில் நிதானமாக ஊற்றினார். மரப்பெரணிக்குக் கிளை கிடையாது. அந்த ஓர் இடம் வெந்தால் கதை முடிந்தது. பழி பனி மேல் போகும். நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாதவர், செத்தவரின் செடியிடம் வீரம் காட்டினார்.

வெந்த கீரை வாசனை எழுந்தது. உள்ளே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு சத்தம்.

அவசரமாக வைக்கோலைத் திணித்து, சாக்கைச் சுற்றிக் கட்டினார். தலையை மூடி நிறுத்திய ஆள் போல அது நின்றது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்து, மாமனாரின் நாற்காலியிலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

வெளிச்சம் மங்கியது.

உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது.

அண்ணாந்து பார்த்தார். கூரை காய்ந்திருந்தது.

இன்னொரு சொட்டு. பிறகு நிற்காமல், பூவாளியில் ஊற்றுவது போல, தலையிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து முதுகுக்கும் இறங்கியது. ஊற்றியவருக்கு அவசரமே இல்லை.

எழுந்து ஓடப் பார்த்தார். கால் எழவில்லை. செருப்பைத் துளைத்துக்கொண்டு பழுப்பு நார் தரையில் இறங்கியிருந்தது.

காதருகே ஈரமண் வாசனையோடு ஒரு குரல், பழைய மரியாதை குறையாமல் சொன்னது.

"இதான் தலை, மாப்பிள்ளை."

வாயை வைக்கோல் அடைத்தது. சாக்கு இறங்கியது.

அவருக்கு நினைவு திரும்பியபோது விடிந்திருந்தது. சாக்கின் இழைகளில் வெளிச்சம் கசிந்தது. அவர் கொல்லையில் நின்றுகொண்டிருந்தார்; பக்கத்தில் மனைவியின் குரல் கேட்டது.

"எதைம்மா ஏத்தணும்? இங்க ரெண்டுல்ல நிக்குது?" என்றார் வண்டிக்காரர்.

"ஒண்ணுதானே இருந்துச்சு?" அவள் கை கயிற்றைத் தடவியது. "இது எங்கப்பா போடுற முடிச்சு. அவருக்குத்தான் இப்படிக் கட்ட வரும்."

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"வேலைன்னா நழுவிடுவாரு. இன்னைக்கு நேத்தா பாக்குறேன். ரெண்டையும் ஏத்திடுங்க."

மாப்பிள்ளை கத்தினார். வைக்கோல் கொஞ்சம் அசைந்தது.

"வழியில காஞ்சிடப் போகுது," என்றாள் அவள். "முதல்ல தலைக்கு ஊத்திடுவோம்."

ஆளில்லாத சமையலறையில் கெட்டில் சீட்டியடிக்கத் தொடங்கியது.