எறும்பு மொய்த்த உருண்டை

“தூங்கப்படாது வே! கண்ணைத் திறயும்!”

கம்பவுண்டர் சங்கரராமன் ஓங்கி அறைந்தார். எழுபது வயசு இசக்கிப்பாண்டியின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. கண்மணி கடுகாகச் சுருங்கிக் கிடந்தது. மூச்சு எப்போதோ ஒன்று வந்தது.

நர்ஸ் ஞானபூரணம் கடுங்காப்பியோடு ஓடிவந்தாள். “அபின் மிஞ்சிப்போன மாதிரில்லா இருக்கு, ஐயா?”

“எப்படிம்மா மிஞ்சும்? அலமாரிச் சாவி என் இடுப்புலல்லா கிடக்கு!”

சங்கரன்கோவிலில் புத்தி பேதலித்தவர்களை அம்மன் சன்னதியில் கொண்டுவந்து கிடத்துவார்கள். அங்கேயும் தெளியாத, அபின் பழகிய கிழடுகள்தான் இந்தப் பழைய வீட்டு ஆஸ்பத்திரிக்கு வரும். பட்டென்று நிறுத்தினால் உயிருக்கே மோசம். அதனால் டாக்டர் தினம் ஓர் உருண்டை எழுதுவார். போகப்போக அளவைக் குறைப்பார்.

உச்சிவெயில் நேரம். எங்கிருந்தோ கருப்பட்டி வாசம் வந்தது.

காப்பி தொண்டையில் இறங்கியதும் கிழவர் இருமினார். கண் பாதி திறந்தது.

“யாரு தந்தா, பாட்டையா?” என்றாள் ஞானபூரணம்.

“பேச்சித்தாய்.” கிழவர் பொக்கைவாயால் சிரித்தார். “ஏட்டி, இன்னைக்குத்தான் அசல் சரக்கு. மூணு வாரமா எங்க ஒளிச்சு வச்சிருந்திய?”

ஞானபூரணம் மூலைப் பக்கம் திரும்பினாள். “அவ செத்துப் பதினோரு நாளாச்சே...”

மூலையில் பேச்சித்தாயின் கட்டில் காலியாகக் கிடந்தது.

“அன்னைக்கு அவ வாயெல்லாம் எறும்பு, ஐயா. கசக்குத அபின்ல எறும்பு எப்படி மொய்க்கும்?”

“நீ போய் இன்னொரு காப்பி போடு.”

அவள் போனதும் அலமாரியைத் திறந்தார். உருண்டைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

சங்கரராமனுக்கு வேர்த்துக் கொட்டியது. மடியிலிருந்த பொடி டப்பாவை அவசரமாக உருவி, மூடியைத் திறந்தார்.

எறும்புகள்.

வரிசையாக அவர் மணிக்கட்டில் ஏறின.

உள்ளே இருந்ததைக் கிள்ளி நாக்கில் வைத்தார். இனித்தது. பல்லில் நறநறத்தது.

காதோரம் யாரோ மெல்லக் கேட்டார்கள்: “ருசியா இருக்கா, ஐயா?”

திரும்பினார். ஒருவரும் இல்லை.

காலையில் டப்பாவில் அவர் ஒளித்து வைத்தது அசல் அபின். ஆனாலும் அந்த ருசியை அவர் அறிவார். கோயில் புற்றுமண்ணில் கருப்பட்டியைப் பிசைந்து, அபின் நிறம் வரும்வரை உருட்டி, மூன்று வாரமாக இந்தக் கிழடுகளுக்குக் கொடுத்து வந்தவர் அவர்தான். பேச்சித்தாய் ‘உருண்டை, உருண்டை’ என்று அலறிச் செத்த அன்றைக்கும், அவளுடைய அபின் இவர் வயிற்றுக்குள்தான் இருந்தது.