நீலாம்பாளுக்குத் துணை

பூட்டில் சாவியைத் திருப்பும்போதே, உள்ளே நீலாம்பாள் யாரிடமோ பேசுவது அனந்தநாராயணனுக்குக் கேட்டது.

கை அப்படியே நின்றது. வீட்டில் வேறு ஆள் கிடையாது. கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டோடு கிடந்த மனைவியை உள்ளே விட்டு, மதியம் அவரேதான் வெளியே பூட்டிக்கொண்டு எர்ணாகுளம் கோர்ட்டுக்குப் போனார். வங்கி மூழ்கியதிலிருந்து, பணம் பறிகொடுத்தவர்கள் வாசலில் வந்து கத்துவார்கள். அதனால்தான் பூட்டு.

இன்று விடுதலை கிடைத்துவிட்டது. குமாஸ்தாவாக நுழைந்து அதே வங்கியின் தலைவரானவர் அவர். இல்லாத மிளகுக் கம்பெனிகளுக்குக் கடன் போன பழி முழுவதும் கணக்கர் நாணுவின் தலையில் விழுந்தது. மறுத்துச் சொல்ல நாணு இல்லை. "நீ கையெழுத்துப் போடு, நான் பாத்துக்கறேன்" என்று இவர் சொன்னதை நம்பியவன், எழுபத்தாறாம் வருஷம் ஜூனில், இடவப்பாதி மழையில், போலீஸ் தேடிய அன்று, மட்டாஞ்சேரிப் படகிலிருந்து காயலில் குதித்துவிட்டான்.

கதவைத் திறந்தார். கரண்ட் இல்லை. ஓட்டின்மேல் மழை விடாமல் இரைய, பக்கத்துக் கிடங்கின் சுக்கும் மிளகும் எப்போதும்போல் கூடத்தில் மணக்க, அதற்கு அடியில் வேறொன்று, நீர் இறங்கும் நேரத்தில் படகுத்துறையில் எழும் சேறும் பாசியும் அழுகிய நாற்றம், படுக்கையறைப் பக்கமிருந்து மெல்ல மெல்ல வந்து அவரைத் தொட்டது.

"கை ஏன் இத்தனை ஜில்லுனு இருக்கு? மழை நனைஞ்சேளா?" என்றாள் நீலாம்பாள்.

பிறகு, பதிலைக் கேட்பவள்போல "ம்" கொட்டினாள். அவருக்கு மழைதான் கேட்டது.

மருந்து மயக்கம், என்று சொல்லிக்கொண்டார். செருப்பைக் கழற்றவும் மறந்து, சுவரைத் தடவியபடி நடந்தார். சுவர் ஈரமாக இருந்தது.

"சொன்னது நன்னாயி. நாணுவை நீங்கதான் கையெழுத்துப் போட வெச்சேள்னு எனக்கு மனசிலே தோணிண்டே இருந்தது. உங்க வாயாலே கேட்டப்பறம்தான் சமாதானமாச்சு."

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கோர்ட்டில் சொல்லவில்லை. இவளிடமும் இல்லை.

அறை வாசல். கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் முன்னே நீண்டிருந்தன. விரல்கள் எதனாலோ இறுகப் பிடிக்கப்பட்டு வெளுத்திருந்தன. எதிரே யாரும் இல்லை. மெத்தை மட்டும் அழுந்தியிருந்தது. ஓர் ஆள் எடைக்கு.

கட்டுப்போட்ட முகம் வாசல் பக்கம் திரும்பியது.

"வாசப்படீல ஆரோ நிக்கறா. மூச்சு கேக்கறது. ஆராக்கும் அது?"

கேட்டது அவரிடம் அல்ல.

அவள் தலைசாய்த்துக் கேட்டாள். முகம் வெளிறியது.

"நாணுவா? அவன் செத்துப்போயாச்சே."

நான்தான் நீலா, என்று சொல்ல வாய் திறந்தார். குரல் வரவில்லை. உப்புத் தண்ணீர் வந்தது. நெஞ்சு வழியே இறங்கித் தரையில் கொட்டியது. அந்தச் சத்தம் கேட்டதும் நீலாம்பாள் பயந்து கால்களை மேலே இழுத்துக்கொண்டு, பக்கத்தில் சாய்ந்தாள். ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு தோளின் உயரத்தில், அவள் தலை விழாமல் நின்றது.