சைடு பார்க்கிறவள்

வேன் முழுக்கப் பழசு. பின்னால் இருந்த இழுவைக் கொக்கி மட்டும் புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் பூசிப் பளபளவென்று இருந்தது.

மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்ட மலைச்சாமியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். சேசிஸில் செம்மண் அப்பியிருந்தது, சைலன்சரில் துரு ஏறியிருந்தது, எப்போதோ சிக்கிய வைக்கோல்கூட எடுப்பாரில்லாமல் அங்கேயே காய்ந்து தொங்கியது. கொக்கியையும் அதைச் சுற்றி ஒரு முழத்தையும் மட்டும் யாரோ தேய்த்துக் கழுவி, அப்புறம் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்ட் வாடைக்கு அடியில் லேசாகப் பினாயில் வாடை வந்தது. மாட்டுத் தொழுவத்துக்குப் பினாயில் போடுவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போடுவார்கள். வேன் கொக்கிக்கு எவனாவது போடுவானா?

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். "அடிபட்ட வண்டியா பாண்டி?"

திண்டுக்கல் பைபாஸ் ஓரம் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் பாண்டியராஜ் வாயில் இருந்த பாக்கை ஒரு பக்கம் ஒதுக்கினான். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலண்ணே. ஒரு கீறல் கிடையாது. வேணும்னா நல்லாப் பாத்துக்கங்க."

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் வேறு யாருக்கு என்ன ஆனது? கேள்வி மலைச்சாமியின் தொண்டை வரைக்கும் வந்தது. அவன் அதை எச்சிலோடு சேர்த்து முழுங்கிவிட்டான்.

பாவம், அவன் ஆசை அப்படி. சித்தையன்கோட்டையில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவன் அவன். இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த இரும்புப் பூதத்தை இழுக்க ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு டிராக்டர்காரனைக் கெஞ்ச வேண்டும். ஊரெல்லாம் சீரியல் விளக்குப் போட்டு ஜெகஜோதியாக ஆக்குவான்; பெண்டாட்டியும் பிள்ளையும் வீட்டில் டிவியைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். ஒரு வேன் இருந்தால் பின்னால் ஜெனரேட்டரைக் கொக்கியில் மாட்டலாம், உள்ளே குடும்பத்தை உட்கார வைக்கலாம். பங்காளிகள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு பழனிக்குப் போகலாம்.

எத்தனை வண்டி பார்த்தான் தெரியுமா? ஒட்டன்சத்திரத்தில் பார்த்தது ஸ்டார்ட் செய்ததும் செங்கல் சூளை மாதிரிப் புகைந்தது. நத்தம் ரோட்டில் பார்த்ததற்குத் தரைத்தகடே ஒட்டுப் போட்டது. அதன் பின்னால் ஜெனரேட்டரை மாட்டினால் முதல் மேட்டிலேயே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இதுவோ சாவியைத் தொட்டதும் உறுமியது. சீட்டு எதுவும் அமுங்கவில்லை. கொக்கி சேசிஸோடு தகடு வைத்துப் பற்ற வைத்தது. விலையும் நியாயத்துக்குக் குறைவு. ஏன் குறைவு என்று கேட்காமல் ஒருத்தன் வண்டி வாங்குவானா? அன்றைக்கு மலைச்சாமி அட்வான்ஸ் கொடுத்தான்.

வீட்டில் சண்முகவள்ளி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பழைய வண்டி மாமா. யாரு என்னன்னு நமக்குத் தெரியாது. குலசாமிகிட்ட ஒரு வார்த்தை பூக் கேட்டுருவோம்."

பூக் கேட்பது அவர்கள் வகையறாவில் இன்றைக்கும் உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம், அதற்கு மேல் பேச்சே இல்லை.

குஜிலியம்பாறைப் பக்கம் மழையைத் தவிர வேறு தண்ணீர் காணாத காட்டுக்கு நடுவில் இருந்தது கோயில். காற்றில் சோளத்தட்டை சரசரத்தது. வள்ளி விளக்கேற்றப் போனதும் மலைச்சாமி தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து வாழையிலைக் கிழிசலில் பூவை மடித்தான். ஒன்றில் நந்தியாவட்டை. இன்னொன்றிலும் நந்தியாவட்டை. செவ்வரளியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான்.

ஒன்றாம் வகுப்புப் படிக்கிற அவன் மகள் தமிழ்மதி கண்ணை இறுக்க மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளை. வள்ளி கன்னத்தில் போட்டுக்கொண்டு கண் கலங்கினாள்.

"அப்பா, அந்த இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டுப்பா" என்றாள் மதி.

"அதைப் பிரிக்கக் கூடாதுடா. சாமி குத்தம்."

பெற்ற பிள்ளையின் கையை வைத்தே சாமியை ஏமாற்றியாயிற்று. திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாக அந்தப் பொட்டலத்தையும் மடியில் இருந்த செவ்வரளியையும் வீசினான். அதற்கப்புறமும் மடியில் ஏதோ கனத்துக்கொண்டே இருந்தது.

வேன் வீட்டுக்கு வந்த சாயங்காலம். வாசலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைக்குள் ஜெனரேட்டர் நின்றது. அதன் இழுவைக் கம்பிக்கு நேராகக் கொக்கி வரும்படி வேனைப் பின்னால் எடுக்க வேண்டும். வள்ளி பின்னால் நின்று சைடு பார்த்தாள்.

"வா மாமா, வா. ரைட்ல ஒடி. போதும், நில்லு!" வண்டியின் முதுகில் ஒரு தட்டு. ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் வா. ஊரறிந்த கணக்கு. அவன் நிறுத்தினான். ரிவர்ஸ் ஹாரனின் பாட்டு அடங்கியது. கொட்டகைத் தகரம் வெயிலிறங்கி டக் டக்கென்று சுருங்கும் சத்தமும், தெருக்கோடியில் யாரோ வெங்காயம் வதக்கும் வாடையும், அதோடு கொக்கியில் ஆணி மாட்ட வள்ளி இரும்பை இழுக்கும் சத்தமும் மட்டும் இருந்தன.

அப்போது இரண்டு தட்டு. கூடவே கை நிறையக் கண்ணாடி வளையல் குலுங்கும் சத்தம்.

"இன்னும் வரணுமா வள்ளி?"

"ஐயையோ, வந்துராத! நான் குனிஞ்சிருக்கேன்!"

இறங்கிப் போய்ப் பார்த்தான். அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள், கை முழுக்கக் கிரீஸ். அவள் கண்ணாடி வளையல் போட்டு வருஷக்கணக்காகிறது. வேனின் வெள்ளை முதுகில் ஒரு விரல் தடம்கூட இல்லை. வாடின மல்லிகைப்பூ வாடை மட்டும் அந்த இடுக்கில் கொஞ்ச நேரம் நின்றது.

அன்றைக்கு இரவு சாப்பிட உட்கார்ந்தார்கள். வள்ளியிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தான். சொன்னால் பூவையும் சொல்ல வேண்டும். கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டான்.

அடுத்த வாரம் பழனிக்குப் போனார்கள். வேன் நிறையப் பங்காளிகள், சிரிப்பு, முறுக்கு, புளிச்சோறு. மதி மட்டும் கடைசி சீட்டில் தனியாக மண்டியிட்டுப் பின்கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வாங்க. வாங்க. இன்னுங் கொஞ்சம் வாங்க."

"பெரிய மனுசி மாதிரி எம்புட்டு மரியாதையாப் பேசுறா பாரு மாமா, உம் மக" என்று வள்ளி சிரித்தாள். வண்டியே சிரித்தது. மலைச்சாமி மட்டும் கண்ணாடியில் கடைசி சீட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

மறுநாள் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று பாண்டியராஜுக்குப் போன் போட்டான்.

"பாண்டி, அந்த வேனுக்குப் பின்னாடி என்ன நடந்துச்சு?"

"நீங்க அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல? கேட்டா நான் சொல்லியிருப்பேன்ண்ணே. கொக்கியத் தடவிக்கிட்டே சும்மா நின்னீங்க."

"இப்பக் கேக்குறேன்."

"பழைய ஓனருக்குப் பந்தல் சாமான் வாடகைக்கு விடுற தொழிலு. சாமான் ஏத்துன டிரெய்லர மாட்ட ரிவர்ஸ் எடுத்துருக்காரு. எப்பவும் அவரு சம்சாரந்தான் சைடு பாக்கும். அன்னைக்கும் பாத்துச்சு. நடுவுல மாட்டிக்கிச்சு." அவன் குரலைத் தாழ்த்தினான். "அதுல பாருங்க, அந்தம்மா நிறுத்துன்னு கத்தவே இல்லையாம். கடைசி வரைக்கும் வாங்க, வாங்கன்னுதான் சத்தம் கேட்டுச்சாம். அந்தக் குரலை நம்பி வந்தேன், நம்பி வந்தேன்னு அந்த மனுசன் இன்னமும் பொலம்புறாரு."

போனை வைத்தபின் மலைச்சாமி அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வள்ளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆத்தூர்க் கல்யாண வரவேற்பு மட்டும் முடியட்டும், வாக்குக் கொடுத்தாயிற்று. இது ஒன்று மட்டும்.

ஆத்தூருக்குக் கிளம்புகிற அன்று பொழுது சாயும் நேரத்தில் மேகம் இறங்கி, கரண்டும் போய், தெரு சாம்பல் நிறமாகக் கிடந்தது. காற்று நின்றிருந்தது. தாயும் மகளும் உள்ளே பட்டுப்பாவாடையும் பூவுமாக அலங்காரத்தில் இருந்தார்கள்.

"வண்டியை மாட்டுற வரைக்கும் யாரும் பின்னாடி வரக் கூடாது. நானே பாத்துக்குறேன்" என்று வாசலில் இருந்து சத்தம் போட்டான்.

வள்ளி எட்டிப் பார்த்தாள். "என்ன மாமா, ரெண்டு வாரமா நீ சரியில்ல. என்னன்னு சொல்லு."

"போயிட்டு வந்து சொல்றேன்."

"இப்பத்தான் சொல்லேன்."

"வந்து சொல்றேன்னேன்ல?"

கொட்டகைக்குப் போய் இடுக்கைப் பார்த்தான். யாருமில்லை. குனிந்து அடியிலும் பார்த்தான். யாருமில்லை. ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டான். ஹாரன் தன் பொம்மைப் பாட்டைப் பாட ஆரம்பித்தது. பக்கக் கண்ணாடியில் புழுதியும் மங்கலும்தான் தெரிந்தன. கொக்கி எங்கே, கம்பி எங்கே, ஒன்றும் பிடிபடவில்லை.

தட். தட்.

வளையல் சத்தம்.

"வாங்க."

அந்தக் குரலில் கோபமில்லை, அழுகையில்லை. சாப்பிட வரச் சொல்கிற குரல். "வாங்க, வாங்க. இன்னுங் கொஞ்சம் வாங்க."

வள்ளிதான் விளையாடுகிறாள் என்று நினைத்தான். நினைக்க ஆசைப்பட்டான். கிளட்ச்சில் இருந்த கால் தானாகத் தளர்ந்தது. வேன் ஒரு முழம் பின்னால் போனது.

முன்கண்ணாடிக்கு நேராக வீட்டுக் கதவு திறந்தது. வள்ளி வெளியே வந்தாள். தோளில் பை. கையில் பூட்டு. தனியாக.

பிரேக்கை மிதித்தான். "மதி எங்க?"

"உனக்குச் சைடு பாக்கணும்னு பின்வாசல் வழியா ஓடுனா. வரலையா?"

எஞ்சினை அணைத்தான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டான். குதித்தான். ஓடினான்.

இடுக்கில் மதி நின்றாள். முதுகு ஜெனரேட்டரின் இரும்பில். நெஞ்சுக்கும் வேனுக்கும் நடுவே ஒரு சாண். வலது உள்ளங்கை வேனின் மேல். அவனைப் பார்க்கவில்லை. பின்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மதி! வாடா தங்கம், வெளிய வா!"

பக்கவாட்டில் நுழைந்து அவளைக் கட்டிப்பிடித்து இழுத்தான். அசையவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, அரிசி மூட்டைகூட அந்தக் கனம் கனக்காது. அவன் முதுகிலும் இரும்பு குத்தியது. மல்லிகை வாடை. பினாயில் வாடை.

"கேக்காம விட்டது நான்தான் தாயி" என்று அழுதான். "தெரிஞ்சே விட்டேன். என்னைய என்ன வேணா செய்யி. பிள்ளைய விட்ரு."

மதியின் உதடு அசைந்தது. "வாங்க."

ரிவர்ஸ் ஹாரன் பாட ஆரம்பித்தது.

சாவி அவன் பையில் இருந்தது. நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பின்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். வரிசை வரிசையாகக் காலி சீட்டுகள். அந்தக் கோடியில் டிரைவர் சீட்டில் ஒருத்தன். பின்பக்கம் காதைக் கொடுத்து, தலையைச் சாய்த்து, சைடு சொல்வதைக் கேட்கிறவன். அவன் தலைக்கு மேல் இருந்த சின்னக் கண்ணாடியில் முகம் தெரிந்தது.

மலைச்சாமியின் முகம்.

"நிறுத்து! டேய், நிறுத்துடா!"

கண்ணாடியில் அந்தக் கண்கள் ஒரு தடவை இவனைப் பார்த்தன. கேட்டுவிட்டது. கேட்டும் கேளாத மாதிரிப் பார்வையை நகர்த்திக்கொண்டது அந்த முகம்.

"மாமா, யாரது பின்னாடி கத்துறது?" முன்னாலிருந்து வள்ளியின் குரல்.

"யாருமில்ல வள்ளி" என்றது டிரைவர் சீட்டில் இருந்து அவனுடைய குரல். "நீ ஏறு."

மதி இரண்டு தட்டுத் தட்டினாள். வேன் பின்னால் வந்தது.