உள்ளிருந்து கேட்டால்

மார்ச் பதினேழாம் தேதி, ஞாயிறு மாலை, மாடி வீட்டு ரவுட்டரோடு இணைந்திருந்த கருவிகளில் அவள் கணவனின் கைபேசியும் ஒன்று. அந்தக் கைபேசி போன மழைக்காலத்தில் காரோடும் அவனோடும் எரிந்துபோனது.

அவள் கத்தவில்லை. அவன் இருந்தவரை அவள் எதைத் தேடினாள், யாருக்கு எழுதினாள் என்பதெல்லாம் இந்தக் கறுப்புப் பெட்டி வழியாகத்தான் அவனுக்குத் தெரியவந்தது. சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக் குடைவான். செத்தும் தொலையவில்லையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நெட்வொர்க் வேலை பார்க்கும் தம்பி போனில் படிப்படியாகச் சொல்லச் சொல்ல, ரவுட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக்கினாள். வெளியிலிருந்து அதைத் திறக்கும் வசதியை அணைத்தாள். தம்பி முன்பே கொண்டுவந்து வைத்திருந்த, வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வால் பெட்டியை அதற்கு முன்னால் மாட்டினாள்.

“இனி வெளிய இருந்து எதுவும் தானா உள்ள வராதுக்கா. உள்ள இருந்து யாராவது கேட்டாத்தான் வரும்.”

“நானா கேக்கப் போறேன்? அந்தாளு இருந்தப்பவே கூப்பிட்டதில்ல.”

மகள் நச்சரித்ததால் புதுக் கடவுச்சொல்லை அவளுடைய டேப்லெட்டிலும் போட்டுக்கொடுத்தாள். சிறுமி அதைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. குழாய் சொட்டும் சத்தத்துக்கும் பெட்டியின் மெல்லிய இரைச்சலுக்கும் நடுவே கணவன் தடவும் ஷேவிங் லோஷனின் வாசம் வந்தது, அதன் பின்னாலேயே ரப்பர் கருகும் நாற்றம். பெட்டியின் பதிவைக் காட்டும் மடிக்கணினித் திரையில் சிவப்பு வரி ஒன்று: வெளியிலிருந்து முயற்சி, தடுக்கப்பட்டது. அவன் கைபேசிதான். மறுபடியும் சிவப்பு. ஒவ்வொரு வரிக்கும் வாசல் கதவு ஒருமுறை அதிர்ந்தது.

அவள் தாழ்ப்பாளைப் போட்டு, மேசையை இழுத்துக் கதவோடு முட்டுக்கொடுத்தாள்.

“முட்டு. நல்லா முட்டு. இது என் வீடு.”

சிவப்பு. அதிர்வு. சிவப்பு.

நின்றது.

குழாய் மட்டும் சொட்டியது. வென்றுவிட்டோம் என்று அவள் மூச்சு விட்டபோது, அறையிலிருந்து மகளின் குரல் கேட்டது. டேப்லெட்டோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“அம்மா திட்ட மாட்டாங்க. நீ வாப்பா.”

திரையில் பச்சை வரி. உள்ளிருந்து அழைப்பு, அனுமதிக்கப்பட்டது.

ஓடினாள். அறைக்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. மகளுக்கு எட்டாத மேல்தாழ்.

தோளால் இடித்தாள். மறுபடியும் இடித்தாள்.

“அவள விடு. எதுவானாலும் என்னைக் கேளு.”

உள்ளே அவன் தொண்டையைச் செருமினான்.