வெயிலில் வியர்த்த இரும்பு

கை வைத்தால் தோல் உரிந்துவிடும் உச்சிவெயிலிலும், படகின் அடியறையை மூடும் அந்த இரும்பு மூடியின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. இருபது வருடமாக ஏசி குழாய்களுக்கு ரப்பர் ஷீட் ஒட்டிப் பிழைக்கிற கனகராஜுக்கு, குளிர்ந்த இரும்பு வியர்க்கும் என்பது தெரியும். கொதிக்கிற இரும்பு வியர்த்து அவன் பார்த்ததில்லை.

"இன்னும் சொட்டறதுப்பா," என்றார் ஸ்ரீரங்கன். ராஜா அண்ணாமலைபுரத்தில், ஆற்றை ஒட்டிய தன் வீட்டுப் பின்புறம் ஒரு பழைய இரும்புப் படகை வாங்கி நிறுத்தி, ரிட்டயர்மென்ட் காலத்தை அதோடு ஓட்டுபவர். "ரெண்டு தடவை ஒட்டியாச்சு. சுவரெல்லாம்கூட ஒட்டினே."

"உள்ள யார்னா படுத்துக்கினு கீறாங்களா சார்? ஆள் மூச்சு பட்டாதான் இப்டி தண்ணி நிக்கும்."

"யாரு படுப்பா? சாவி எங்கிட்டன்னா இருக்கு."

சிந்தாதிரிப்பேட்டைக் கடையில் முதலாளி சண்முகவேல் காலையிலேயே சொல்லிவிட்டார்: மூன்றாவது முறையும் புகார் வந்தால் இந்தப் பக்கம் வராதே. நாற்பத்தெட்டு வயதில், தேய்ந்த முழங்காலோடு, வேறு கடை தேடி அலைய கனகராஜுக்குத் தெம்பில்லை. இந்த ஒரு மூடி காய்ந்து கிடந்தால் போதும்.

"நாலு மணிக்குக் கிளம்பறேன், பெங்களூர்ல பொண்ணாத்துக்கு," என்றார் ஸ்ரீரங்கன். "முடிச்சுட்டு மூடிட்டுப் போயிடு. மூடியிருந்தா நான் பூட்டிண்டு கிளம்பிடுவேன். பத்து நாள் கழிச்சு வந்து சொட்டறதான்னு பாக்கறேன்."

தலையாட்டிவிட்டு ஏணியில் இறங்கி, பழைய ஷீட்டைக் கத்தியால் கீறி உரித்தபோது அதன் பின்னால் தேங்கியிருந்த நீர் முழங்கை வரை வழிந்தது, வெதுவெதுப்பாக. பசையின் காரநெடிக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, தூங்கி எழுந்தவன் வாயிலிருந்து வருமே, அது. மூடி உட்காரும் விளிம்பைச் சுற்றி வெல்டிங்கை அறுத்த தடம் ஓடியது. எப்போதோ யாரோ இதை வெளியிலிருந்து பற்றவைத்து அடைத்திருக்கிறார்கள். ஏன் என்று யோசிக்கக்கூட அவனுக்கு அலுப்பாக இருந்தது. துடைத்தான், பசை தடவினான், இரட்டைக் கனத்தில் ஷீட் ஒட்டி மேலே பளபளக்கும் அலுமினியத் தாளைப் பதித்தான், விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை வைத்தான். முடித்தபோது தோள்பட்டை கழன்று விழும்போல் வலித்தது.

எந்த வேலை முடிந்தாலும் அவன் செய்கிற ஒன்று பாக்கி இருந்தது. உள்ளே நின்று மூடிப் பார்ப்பான். வெளிச்சம் கசிகிற இடத்தில் காற்றும் கசியும்.

மூடியை இழுத்துச் சாத்தினான். பெரியவரிடம் தலையாட்டியது நினைவிலேயே இல்லை.

ஒரு கீற்று வெளிச்சம் இல்லை. காகச் சத்தம், தெருவில் போன ஆட்டோ, எல்லாம் துண்டித்ததுபோல் நின்றன. மூன்று தடவையில் இப்போதுதான் மனசு நிறைந்தது. ஏணிப்படியில் உட்கார்ந்து கண்ணை மூடினான். தன் மூச்சு மட்டும் கேட்டது. சீராக. கொஞ்சம் ஈரமாக.

ஏதோ இடறியது. மூச்சைப் பிடித்து நிறுத்தினான்.

சத்தம் நிற்கவில்லை.

இழுத்தது. விட்டது. இழுத்தது.

மேலே யாரோ நடக்கும் அதிர்வு ஏணியில் இறங்கியது. கூப்பிட வேண்டும். வாய் திறந்தால் அது திரும்பிப் பார்க்கும் என்று பயந்தான். தாழ்ப்பாள் இழுபட்டது. பூட்டு விழுந்தது. காலடி தள்ளிப் போனது.

அப்போதுதான் கத்தினான். சார். சார். அவன் ஒட்டிய ரப்பர் அவ்வளவையும் விழுங்கியது. மூடியைக் குத்தினான். பஞ்சு மூட்டையைக் குத்தியதுபோல் இருந்தது.

போனை எடுத்தான். சிக்னல் இல்லை. டார்ச்சைப் போட்டான்.

யாருமில்லை.

தலைக்கு மேலே அலுமினியத் தாளில் ஒரு முக அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. சுருங்கியது. விரிந்தது. கனகராஜ் பக்கத்தில் ஊதிப் பார்த்தான். வெயிலில் சூடேறிய தாளில் அவன் மூச்சு படியவே இல்லை.

ஆவி மறைந்தது. ஒரு முழம் கீழே, சுவரில் படிந்தது. அப்புறம் இன்னும் கீழே. அவன் தோள் உயரத்தில்.

அசையாதே. மூச்சு விடாதே.

சுவர் காய்ந்தது. எங்கும் ஒன்றுமில்லை.

முகத்துக்கு நேரே அவன் பிடித்திருந்த போனின் கண்ணாடியில், மெல்ல, வெள்ளையாக ஆவி படர்ந்தது. அவன் இன்னும் மூச்சு விடவில்லை.