சுண்டுவின் தலைவலி

சுண்டுவின் மாமா நீச்சல் பயிற்சியாளர். மூச்சைப் பிடித்துக்கொண்டு குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நீருக்கடியிலேயே போய்விடுவார். அதனால் மூச்சு விஷயத்தில் தனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம்தான் ஆளைக் கவிழ்த்தது.

நேற்று மாலைதான் சமவெளியிலிருந்து பேருந்தில் சுண்டுவின் ஊருக்கு வந்து இறங்கினார். மிக உயர்ந்த மலை மேல் உள்ள ஊர் அது. சுண்டுவின் அப்பா அதற்கும் மேலே, முகட்டில் இருக்கும் வானிலை நிலையத்தில் காற்றையும் பனியையும் அளக்கிறார். வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார்.

"நாளைக்கே மேல போய் மச்சான் முன்னாடி நிக்கப்போறேன். பார்த்து ஆறு வருஷமாச்சு!" என்றார் மாமா.

"வேண்டாம்டா தம்பி. ரெண்டு மூணு நாள் சும்மா படு," என்றாள் அம்மா. "கல்யாணமாகி இங்க வந்த புதுசுல மூச்சு முட்டி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"உனக்கு அப்பவே தெம்பு கிடையாதுக்கா. நாளைக்கழிச்சு நான் வேலைக்குத் திரும்பணும்."

காலையில் மாமா ரொட்டியைத் தொடவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அடுத்தவர் பேச்சை நம்பாவிட்டால் போகட்டும். சொந்தத் தலை சொல்வதையாவது கேட்கலாம். மாமா அதையும் கேட்கவில்லை. அம்மா வேலைக்குக் கிளம்பியதுதான் தாமதம், காலணியை மாட்டிக்கொண்டார்.

"மாமா, அம்மா போகக்கூடாதுன்னு..."

"அவகிட்ட நான் பேசிக்கறேன். நீ வழி காட்டறியா, நானே போகட்டுமா?"

தனியாக விட்டால் இன்னும் மோசம். பத்து வயதுச் சுண்டு கூடவே கிளம்பினாள்.

முதல் மேட்டில் மாமா பாட்டுப் பாடினார். இரண்டாவது மேட்டில் பாட்டு நின்றது. மூன்றாவது மேட்டில் பழைய கொல்லன் துருத்தி மாதிரி இரைத்தார்.

"மாமா, திரும்பிடலாமா?"

"நானா? திரும்பறதா? மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சா எல்லாம் சரியாயிடும்."

பிடித்தார். முகம் சிவந்து, உதடு நீலம் பாய்ந்ததுதான் மிச்சம்.

அடுத்த வளைவில் காலணிக் கயிறு அவிழ்ந்தது. மாமா குனிந்தார். கயிற்றின் இரண்டு முனைகளையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முடிச்சுப் போட வரவில்லை. எழுந்தபோது சாராயம் குடித்தவர்போலத் தள்ளாடினார்.

சுண்டு இதை முன்பே பார்த்திருக்கிறாள். போன வருஷம் இப்படித்தான் ஒரு சாலை ஒப்பந்தக்காரர் தள்ளாடிக்கொண்டே மேலே போனார். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமாவைத் தூக்க இங்கே யார் இருக்கிறார்கள்? 'உங்களால முடியலை' என்று சொன்னால் வீம்புக்காகவே இன்னும் வேகமாக ஏறுவார்.

சுண்டு சட்டென்று ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா... தலை வலிக்குது. என்னால முடியலை."

மாமா பதறிவிட்டார். "ஐயையோ! தோள்ல ஏறிக்க. மேல உங்கப்பா மாத்திரை வச்சிருப்பார்."

"மேல போனா வலி கூடும் மாமா. கீழ இறங்கினாத்தான் குறையும்."

மாமா முகட்டைப் பார்த்தார். நிலையத்தின் கூரை தெரிந்தது. பிறகு சுண்டுவைப் பார்த்தார்.

"மச்சான் எங்கயும் ஓடிப்போகமாட்டார். வாடி கண்ணு, இறங்கலாம்."

சுண்டு அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைத் தாங்கி இறங்கினார்கள் என்று அந்தப் பாறைக்குத்தான் தெரியும்.

ஊர் மருத்துவமனையில் நர்ஸக்கா மாமாவைப் பார்த்த மாத்திரத்தில் கட்டிலில் கிடத்தினார். மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டினார்.

"எனக்கில்லம்மா, குழந்தைக்குத்தான் தலைவலி!"

"குழந்தை கல்லு மாதிரி இருக்கா. பேசாம படுங்க. இங்க காத்து மெலிசு. ஒவ்வொரு மூச்சுலயும் கொஞ்சம் ஆக்சிஜன்தான் கிடைக்கும். கீழேருந்து வர்ற உடம்பு அதுக்குப் பழக நாளாகும்."

"அப்போ இவளுக்கு?"

"இவ அப்பா வழி ஆளுங்க ஆயிரக்கணக்கான வருஷமா இங்கதான் இருக்காங்க. ஆதியில இந்தக் காத்து ஒத்துக்கிட்ட உடம்புக்காரங்கதான் நல்லா பிழைச்சாங்க. அந்த உடம்பு பிள்ளை, பேரப்பிள்ளைன்னு இறங்கி வந்திருக்கு. இவளும் பிறக்கும்போதே கொண்டுவந்திருப்பா. நீச்சல் தெரிஞ்சா அது வந்துடாது."

மாமா குழாயைக் கழற்றாமல் படுத்துக்கொண்டார். மதியத்துக்குள் உதட்டில் நீலம் போனது. "நாளைக்குக் காலை பஸ்ல கீழ இறங்கிடணும்," என்று நர்ஸக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"மச்சானைப் பார்க்காமலே போகணுமா?" மாமா தலையணையிலிருந்து எழப் பார்த்தார்.

வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம். உள்ளே நுழைந்தது அப்பா! நர்ஸக்காதான் நிலையத்துக்குப் போன் போட்டிருந்தார். அத்தனை மேடும் ஓடியே இறங்கியிருக்கிறார். மூச்சு வாங்கவே இல்லை.

"என்ன மாப்ள, குளம்னு நினைச்சு மலையில குதிச்சிட்டீங்களா?"

மாமா சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. அப்புறம் சுண்டுவின் பக்கம் திரும்பினார்.

"ஏய் சுண்டு, தலை வலிக்குதுன்னு பொய்தானே சொன்னே?"

"பாதிதான் பொய் மாமா," என்றாள் சுண்டு. "தலை வலிச்சது நிஜம். யாரோட தலைன்னு நான் சொல்லலையே!"